சீமெந்துப் பட்டினமும் நமது கதைகளும்

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகருக்கு அண்மையில், மொனொங்கஹீலா ஆற்றங்கரையில், ஹோம்ஸ்டெட் என்றோர் உருக்காலை நகரம் இருந்தது. 1907ஆம், 1908ஆம் ஆண்டுகளில் மார்கரெட் பயிங்டன் என்னும் பெண்மணி அந்நகரத்துத் தொழிலாளரின் வீடுகளுக்குக் குறிப்புப் புத்தகமுங் கையுமாகச் சென்றார். அவர் கேட்ட கேள்விகள் வெகு சாதாரணமானவை. வீட்டு வாடகை என்ன? இவ்வாரம் இறைச்சிக்கு எவ்வளவு போயிற்று, பாணுக்கு எவ்வளவு போயிற்று? அடுப்பெரிக்க என்ன செலவு? சாவுச் செலவுக்கென்று காப்புறுதிக்காரனுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள்? இவ்வாறு தொண்ணூறு குடும்பங்களின் கணக்கைத் திரட்டி, ஆலை நகரொன்றின் குடும்பங்களைப் பற்றிய நூலாக 1910இல் வெளியிட்டார். பிற்ஸ்பேர்க் ஆய்வு என வழங்கும் ஆறு தொகுதிகளுள் அதுவும் ஒன்று.

அந்நூலைப் படிக்கும்போது நம்மை முதலில் வியப்பிலாழ்த்துவது, அதில் பெருஞ்சம்பவம் எதுவும் நிகழாமையே. 1892இல் அதே நகரில் கார்னெகியின் கம்பனி தொழிலாளர்மீது கூலிப்படையை ஏவிவிட்டது, ஆற்றங்கரையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, இரு பக்கத்திலும் உயிர்கள் போயின, தொழிற்சங்கம் நொறுக்கப்பட்டது. பயிங்டன் அங்கே போய்ச் சேர்ந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகளின் பின்னர். நகரம் அடங்கிக் கிடந்தது. சங்கத்தைப் பற்றி வாய்திறப்பவன் வேலையிழப்பான். ஆலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. பகல்முறைக்காரர் இரவு முறைக்கு மாறும் ஞாயிற்றுக்கிழமையில் இருபத்து நான்கு மணி நேரம் தொடர்ந்து நிற்கவேண்டும். ஸ்லாவ் இனத்துச் சாதாரண கூலியாளுக்கு நாட்கூலி ஒரு டொலர் அறுபத்தைந்து சதம். அவனது குடும்பம் வாழும் முற்றத்தில் பல குடும்பங்களுக்கு ஒரே நீர்க்குழாய். வாடகையைச் சமாளிக்க மனைவி விடுதியாட்களை ஏற்றுக்கொள்வாள். பகலில் ஒருவன் உறங்கியெழுந்த படுக்கையில் இரவில் மற்றொருவன் உறங்குவான். ஊருக்குக் கார்னெகி 1898இல் நீச்சற்குளமும் சங்கீத மண்டபமும் கூடிய அழகிய நூல்நிலையமொன்றைக் கட்டிக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு மணி நேரம் உருக்குலையின் முன்னே நின்றவன் நூல்நிலையத்தின் படிகளில் ஏறுவதற்கு எங்கே தெம்பு? பயிங்டன் அங்கே ஆவேசப்படவில்லை. கணக்கை எழுதி வைத்தார். அக்கணக்கே ஆவேசத்தைவிடக் கூரியதாக அமைந்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து நாம் இந்நூலைப் பற்றி எழுதப் புகுவது அமெரிக்காவின்மீது கொண்ட ஆர்வத்தாலன்று. நமக்கும் ஓர் ஆலை நகரம் இருந்தது. அதற்கு இத்தகைய ஒரு கணக்குப் புத்தகந்தானும் இல்லை. அந்த ஆலையை நடுவிற்கொண்டு எழுந்து, நமது நாவல்களின் முன்வரிசையில் வைத்துப் பேசத்தக்க ஒரு சிருஷ்டியும் இல்லை. இக்குறைபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதில் முற்போக்காளராகிய நமக்குரிய பங்கையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே சுமார் 11 மைல் தொலைவில் உள்ள காங்கேசன்துறையைத்தான் சொல்கிறோம். 1902இல் புகையிரதப் பாதை அவ்விடம் வந்து முடிவடைந்தது. 1905இல் கொழும்போடு இணைந்தது. அக்காலத்தில் அது துறைமுகமும் புகையிரத நிலையமும் வெளிச்சவீடும் கொண்ட ஒரு சிறு பட்டினம். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1950இல், அங்கே அரசாங்கத்தின் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகிதத் தொழிற்சாலையும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுபவை. அரசியலில் அவர் எந்த அணியில் நின்றார் என்பதைக் கொண்டு அத்தொழிற்சாலைகளின் வரலாற்று முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. தோட்டமும் கடலும் கந்தோரும் என்ற மூன்றையன்றி வேறு வாழ்வறியாத குடாநாட்டில், நூற்றுக்கணக்கானோர் ஒரே வாயிலால் நுழைந்து ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் புதுமையை அத்தொழிற்சாலை கொண்டுவந்தது.

இவ்வேலையின் தன்மையைச் சற்று விரித்துரைத்தல் அவசியம். இலக்கியகாரரிற் பலர் தொழிற்சாலையின் புகைபோக்கியைக் கண்டாரேயன்றி உள்ளே நிகழ்வதைக் கண்டாரில்லை. குடாநாட்டின் அடியிலே கிடக்கும் சுண்ணாம்புக் கல்லை வெடிவைத்துப் பெயர்ப்பர். மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து களிமண் புகையிரதத்தில் வந்து சேரும். இரண்டையும் அரைத்துக் கலந்து, சுழலும் நீண்ட இரும்புச் சூளையினுள்ளே ஆயிரத்து நானூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுடுவர். கிளிங்கர் என்ற கருங்கட்டிகளாக வெளிவருவதை ஜிப்சத்தோடு சேர்த்து மீண்டும் அரைத்தாற் சீமெந்து. இதிலே உயிர்நாடியான விஷயம் ஒன்றுண்டு. அச்சூளையை நினைத்தபோது நிறுத்த முடியாது. நிறுத்திக் குளிரவிட்டால் உள்ளே பதித்த தீக்கற்கள் வெடிக்கும். மறுபடி சூடேற்றுவதற்கு நாளும் எரிபொருளும் விரயமாகும். ஆகவே இரவும் பகலும் அது சுழன்றுகொண்டே இருக்கவேண்டும்; மனிதர் முறைவைத்து அதனருகே நிற்கவேண்டும்.

இரவு என்பதன் பொருளையே இது மாற்றியது. அதற்கு முன்னர் நமது கிராமங்களில் இரவிலே விழித்திருந்தவர் யார்? கடலுக்குப் போகும் மயிலிட்டி மீனவர். விடியுமுன் துலா மிதித்துப் புகையிலைக்கும் மிளகாய்க்கும் நீரிறைப்போர். கோயிற் திருவிழாவிற் கூத்துப் பார்ப்போர். இவர்களது விழிப்பு நிலவையும் காற்றையும் பருவத்தையும் பொறுத்தது. சீமெந்துத் தொழிலாளியின் விழிப்போ ஒரு பட்டியலைப் பொறுத்தது. அவன் பகலிலே உறங்க, பிள்ளைகள் சத்தமிடாதிருக்கவேண்டும். பெண்சாதி ஒரே நாளில் இருமுறை அடுப்பு மூட்டவேண்டும். இரவு முறைக்குப் போனவன் வீட்டுப் படலையை உள்ளே பூட்டிக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் தனித்திருக்கவேண்டும். ஒரு நாவலாசிரியனுக்கு இவற்றுள் ஒன்று போதாதா?

இன்னும் சிறிய ஒரு விவரத்தைச் சொல்வோம். சீமெந்து நீர் பட்டால் இறுகும் பொருள். மூடை கட்டும் பகுதியில் நின்று வந்தவனின் சட்டையை எடுத்தவுடன் நீரில் நனைத்துவிட்டால் துணி கல்லாகும். முதலில் அதை வேலியோரம் கொண்டுபோய் நன்றாக உதறவேண்டும்; அதன் பிறகே கிணற்றடிக்குக் கொண்டுபோகவேண்டும். வியர்வை ஊறிய கழுத்துப்பட்டியிலும் அக்குளிலும் அதற்குள்ளாகவே இறுகிவிட்டதை விரலால் நொறுக்கி எடுக்கவேண்டும். அவள் உதறும்போது எழும் தூசு அவள் மூக்கினுள்ளும் போகும். தொழிற்சாலை அவளுக்குச் சம்பளம் எழுதவில்லை. ஆனால் தொழிற்சாலை அவள் நுரையீரல் வரை வந்தது. பயிங்டனின் நூலிலே மிகச் சிறந்த பகுதி இத்தகையதே: ஆலையின் மதிலுக்கு வெளியே, குசினியினுள், கணவனின் கூலியை உயிராக மாற்றும் பெண்ணின் வேலையை அவர் தொழிலாகவே கண்டார். நமது விமரிசனம் தொழிலாளி வர்க்கம் என்று ஆயிரந் தடவை எழுதியபோதும் இவளை எண்ணியதில்லை.

கணக்கெடுப்பு இலக்கியமாகுமா என்று கேட்போருக்காக இரண்டு அமெரிக்க நாவல்களை இங்கே ஒப்புநோக்குவது பொருந்தும். அப்டன் சிங்கிளேயர் 1906இல் நூலாக வெளியிட்ட 'காடு' என்ற நாவல் சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றியது. அதனை நம்மவர் பலர் அறிவர். அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசு இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தை நிறைவேற்ற அது காரணமாயிற்று என்பதும் தெரிந்ததே. தொழிலாளிக்காக எழுதப்பட்ட நூல், தொழிலாளியின் ஊதியத்தை விட்டு, உண்போனின் தட்டைத் திருத்தியது ஒரு வேடிக்கை. அது நிற்க. அந்நாவலின் முதல் அத்தியாயத்தில் ஒரு கல்யாண விருந்து வருகிறது. லிதுவேனியாவிலிருந்து வந்த ஏழைகள் தமது ஊர் வழக்கப்படி விருந்து வைக்கிறார்கள். வந்தவர்கள் ஊர்வழக்குப்படி மொய் வைக்காமல் நழுவுகிறார்கள். மணமக்கள் கடனோடு வாழ்வைத் தொடங்குகிறார்கள். புதிய நகரம் பழைய வழக்கத்தை எவ்வாறு தின்கிறது என்பதை இதைவிட எவ்வாறு காட்டுவது! அதே நாவலின் கடைசி அத்தியாயங்களிலோ கதாநாயகன் கதிரையில் அமர்ந்து மற்றவர்களது சோஷலிசப் பிரசங்கங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிரசங்கங்களிற் பிழையில்லை. ஆனால் மனிதன் மறைந்துபோனான்.

தொமஸ் பெல் என்பவர் 1941இல் வெளியிட்ட நாவல் வேறு வகை. ஹோம்ஸ்டெட்டுக்கு அயலூரான பிறடொக்கிலே பிறந்து, உருக்காலைத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். 1881இல் கப்பலேறி வந்த ஒரு ஸ்லொவாக்கியனிலிருந்து தொடங்கி, மூன்று தலைமுறையை ஒரே உலையின் அருகே நிறுத்திக் காட்டுகிறார். இரண்டாந் தலைமுறையிலே கணவன் ஆலை விபத்தில் மாண்டபின் மேரி என்ற பெண் விடுதியாட்களுக்குச் சமைத்தும் துவைத்தும் பிள்ளைகளை வளர்த்து, காசநோயால் இறக்கிறாள். மூன்றாந் தலைமுறை 1930களில் சங்கங் கட்டுகிறது. உருக்குக் கம்பனி 1937இல் அச்சங்கத்தை ஏற்றுக்கொள்ள நேர்கிறது. அவ்வெற்றி நமக்குச் சிலிர்ப்பூட்டுவது ஏன்? மேரியின் துணி துவைக்கும் தொட்டியை நாம் முந்நூறு பக்கங்களாகப் பார்த்துவிட்டமையாலேயே. நமது முற்போக்குச் சிறுகதைகளில் தொழிலாளி பெரும்பாலும் வேலைநிறுத்தத்துக்கு முதல்நாள் பிறந்து, வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் மறைந்துவிடுகிறான். ஆண்டின் ஏனைய முந்நூற்றறுபது நாளும் அவன் என்ன செய்தான், யாரோடு கோபித்தான், எந்தக் கடையில் அவனுக்குக் கொப்பி இருந்தது என்று நாம் கேட்பதில்லை.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லையென்று சொல்ல முடியாது. 1953இல் ரகுநாதன் 'பஞ்சும் பசியும்' எழுதினார். தாமிரவருணிக் கரையின் கைத்தறி நெசவாளர் துயரம் அதிலே உண்டு. தி. செல்வராஜ் திண்டுக்கல்லின் தோற்பதனிடும் தொழிலாளரை வைத்து எழுதிய 'தோல்' 2010இல் வெளிவந்து, 2012இல் சாகித்திய அக்காதமிப் பரிசு பெற்றது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கும் மனிதனின் கால்களை நாம் அந்நாவலிற் காண்கிறோம். சுண்ணாம்பு அங்கே தோலை உரித்தது. இங்கே நமது சுண்ணாம்புக் கல் எத்தனை பேரின் மார்பை அடைத்தது? அங்கே நாவல் இருக்கிறது, இங்கே இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு நண்பர்கள் இரண்டு காரணங் கூறுவர்.

யாழ்ப்பாணத்தில் முழுமையான தொழிலாளி வர்க்கம் உருவாகவில்லை என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. காங்கேசன்துறைத் தொழிலாளியிற் பெரும்பாலோன் ஹோம்ஸ்டெட்டின் ஸ்லாவ் கூலியைப் போல ஊரும் உறவும் அற்று வந்தவனல்லன். தெல்லிப்பழையிலிருந்தும் மாவிட்டபுரத்திலிருந்தும் கீரிமலையிலிருந்தும் மல்லாகத்திலிருந்தும் சைக்கிளில் வந்தவன். பலருக்கு நாலு பரப்புத் தோட்டங் கிடந்தது. வேலை முடிந்து போய் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டினார்கள். அவன் அரைத் தொழிலாளி, அரை விவசாயி. மாதச் சம்பளமும், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் வந்த ஊழியர் சேமலாப நிதியும் சேர்ந்து அவனைக் கலியாணச் சந்தையிலே ஓரளவு மதிப்புக்குரியவனாகவும் ஆக்கின. தன் மகன் மூடை தூக்கக்கூடாது, கந்தோரிற் கதிரையிலிருந்து எழுதவேண்டும் என்பதே அவன் கனவு. இவை யாவும் உண்மை. ஆனால் இவை நாவல் எழுதாமைக்குக் காரணமாவது எங்ஙனம்? இவையல்லவா நாவல்! வேலைநிறுத்தக் கூட்டத்திற் கையுயர்த்திவிட்டு, மாலையிலே தன் தோட்டத்துக்குக் கூலிக்கு ஆள் பிடிக்கப் போகும் மனிதனின் நெஞ்சிலே எத்தனை முரண்பாடு! சூத்திரத்துக்கு முழுமையாகப் பொருந்தாதவன் என்பதற்காக அவனை விட்டுவிட்டோமென்றால், குற்றம் அவனுடையதன்று. சூத்திரத்தை அளவுகோலாக்கிய நம்முடையது.

இரண்டாவது காரணம் இதனினும் கனமானது. யாழ்ப்பாணத்தின் பிரதான முரண்பாடு சாதி. முற்போக்கு எழுத்தாளர் அதனையே முதலில் எழுதினர். அது சரியே என்பர். சரியே. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றிய பின்னர், டொமினிக் ஜீவாவும் டானியலும் அவர்போன்றோரும் நமது இலக்கியத்துள் கொண்டுவந்த மனிதரைக் கண்டு பண்டிதர் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டதும், 'இழிசனர் இலக்கியம்' என்று ஏசியதும் நாமறிந்த வரலாறு. செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' 1965இலும், டானியலின் 'பஞ்சமர்' 1972இலும் நூலாயின. இவை பெருஞ் சாதனைகள். இவற்றைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. நாம் கேட்பது ஒன்றே. சாதி தொழிற்சாலை வாயிலிற் செருப்போடு கழன்றுவிட்டதா?

காங்கேசன்துறை என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலால் அப்பெயர் பெற்றது என்பது ஐதிகம். கோயிலுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே நடந்துபோகும் தூரமே. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து சாதி எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டு யாழ்ப்பாணத்தை நோக்கி நடந்தது. 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்ல உரிமை கேட்டு நின்றனர். முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் சுந்தரலிங்கம் தலைமையில் ஒரு கூட்டம் வழிமறித்தது. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது. இப்போராட்டத்தைப் பற்றி நாம் கட்டுரை எழுதியிருக்கிறோம், கவிதை எழுதியிருக்கிறோம். ஆனால் வழிமறித்த கூட்டத்திலும் வழிகேட்ட கூட்டத்திலும் நின்ற இருவர், மறுநாட் காலை ஒரே முறைக்கு ஒரே சூளையருகே வந்து நின்றிருந்தால் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? ஒருவன் கையிலிருந்து மற்றவன் இரும்புக் கம்பியை வாங்கினானா? ஊர்த் தேநீர்க் கடைகளில் போத்தலில் தேநீர் வாங்கிக் குடித்தவனுக்குத் தொழிற்சாலைக் கன்ரீனில் எந்தப் பாத்திரம் கிடைத்தது? ஒரே சம்பளப் பட்டியலில் ஒருவன் பெயருக்குக் கீழே மற்றவன் பெயர் எழுதப்பட்டபோது வீட்டிலே போய் என்ன சொன்னான்? சாதியும் வர்க்கமும் ஒன்றோடொன்று உராயும் ஓசை நமது குடாநாட்டில் எங்கேனும் தெளிவாகக் கேட்டிருக்குமானால் அது அந்த வாயிலிலேதான். அந்த வாயிலில் நமது எழுத்தாளன் நிற்கவில்லை.

எழுத்தாளனை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? விமரிசகராகிய நாம் அவனிடம் கேட்டது எதை? 1960களில் தேசிய இலக்கியம் என்றோம், மண்வாசனை என்றோம், யதார்த்தவாதத்துக்கும் இயற்பண்புவாதத்துக்கும் இடையிலான பேதத்தைப் பக்கம் பக்கமாக விளக்கினோம். அவ்விவாதங்கள் வீண்போகவில்லை; அவற்றாலேயே நமது இலக்கியம் தனக்கெனக் குரல் பெற்றது. எனினும் மண்வாசனை என்றபோது நமது மூக்கு பனங்காணியையும் தோட்டத்தையும் கடற்கரையையுமே நாடிற்று. சீமெந்துத் தூசுக்கும் ஒரு வாசனை உண்டு, அதுவும் இம்மண்ணைச் சுட்டெடுத்ததே என்பது தோன்றவில்லை. நமது எழுத்தாளரிலும் விமரிசகரிலும் பெரும்பாலோர் ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இருந்தனர் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. தம் மகனைக் கந்தோருக்கு அனுப்பத் துடித்த தொழிலாளியின் அந்த மகன் எழுதத் தொடங்கியபோது, தகப்பனின் சட்டையிலிருந்த தூசை மறக்கவே விரும்பினான் போலும்.

இங்கே ஒரு கிளைவழி செல்வதை வாசகர் பொறுத்துக்கொள்ளவேண்டும். குடாநாட்டின் முதற் தொழிற்கூடம் சீமெந்துத் தொழிற்சாலையன்று; சுருட்டுக் கொட்டில். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போயிற்று. அச்சந்தை தளர்ந்தபின், தென்னிலங்கை நுகரும் சுருட்டாக அது மாறிற்று. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக்கடை இல்லாத தெரு அரிது. இங்கே கொட்டில்களிலே வரிசையாய் அமர்ந்து, இலையின் நடுநரம்பை உரித்து, உள்ளிலை வைத்துச் சுற்றி, மேலிலை போர்த்து, ஆயிரத்துக்கு இவ்வளவென்று கூலி பெற்றவர்கள் ஏராளம். அக்கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றோர் கை ஓயாது கேட்டுக்கொண்டிருந்த காட்சியை நம்மில் மூத்தோர் அறிவர். சுருட்டுச் சுற்றுவது சத்தமில்லாத வேலை. கைக்கு வேலை, காதுக்கு ஓய்வு. எழுதப் படிக்கத் தெரியாதவனும் அங்கே உலக யுத்தத்தை அறிந்தான், தேர்தலை அறிந்தான். இடதுசாரிகள் அங்கே சங்கங் கட்ட முடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவிலும் இவ்வாறே. புளொரிடாவில் தம்பா நகரின் ஈபோர்ப் பகுதி சுருட்டு நகரமாகவே 1880களில் எழுந்தது. கியூபாவிலிருந்து வந்த தொழிலாளர் தமது கூலியிலிருந்து காசு சேர்த்து வாசகர் ஒருவரை அமர்த்தினர். உயர்ந்த மேடையொன்றில் இருந்தபடி அவர் காலையிலே பத்திரிகையும் பின்னர் நாவலும் வாசிப்பார். ஸ்பானிய நாட்டின் 'டொன் குவிக்சோட்'டும் ஹியூகோவும் சோலாவும் புகையிலை மணத்தினூடே ஒலித்தனர். 1931இல் முதலாளிகள் வாசகரை அகற்றினர், தொழிலாளர் கிளர்ந்தனர், மேடை இருந்த இடத்தில் வானொலிப் பெட்டி வந்தது. அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனத்தைக் கட்டிய சாமுவெல் கொம்பெர்ஸ் என்பவரும் இளமையில் நியூயோர்க்கிற் சுருட்டுச் சுற்றியவரே. தாம் வாசிக்கும் வேளையிற் கூலி குறையாதிருக்கத் தோழர்கள் தத்தமது சுருட்டிற் சிலவற்றைத் தமக்குக் கொடுத்ததை அவர் சுயசரிதையில் நினைவுகூர்ந்திருக்கிறார். நமது கொட்டிலில் வாசகரை எவரும் விரட்டவில்லை, கொட்டிலே சுருங்கிற்று. 1958, 1977, 1983 எனத் தென்னிலங்கையில் எழுந்த தீ கடைகளை விழுங்கியது; யுத்தம் பாதையை அடைத்தது. நாவலின் முதற் கேட்போர் சிலரை நாம் அந்தக் கொட்டில்களில் வைத்திருந்தோம். அவர்களைக் கேட்போராகக் கொண்டோமேயன்றிப் பாத்திரங்களாகக் கொண்டது சொற்பமே.

மீண்டும் காங்கேசன்துறைக்கு வருவோம். அங்கே சுட்ட சீமெந்து குடாநாட்டின் முகத்தையே மாற்றியது. மண் சுவரும் கிடுகுக் கூரையும் கல்வீடாயின. சாணம் மெழுகிய நிலம் சீமெந்து நிலமாயிற்று. கிணற்றுக்குக் கட்டு வந்தது. கதியால் போட்டுக் கிடுகு வரிந்த வேலிகள் பல இடங்களில் மதிலாயின. வேலியாயின் ஆண்டுக்கொருமுறை அடைக்கவேண்டும். அடைக்கும்போது அயலானோடு பேசவோ சண்டையிடவோ வேண்டும். பொட்டுக்குள்ளால் கோழியும் பிள்ளைகளும் கறிக்கிண்ணமும் போய்வரும். மதிலுக்குப் பொட்டில்லை. இம்மாற்றத்தைத் தன் தோளிற் சுமந்து ஏற்றியவன் பலகாலம் ஓலைக் கூரையின் கீழேயே இருந்தான். 1990 யூனில் யுத்தம் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் யாவரும் எழுந்தோடினர். சூளை நின்றது. அவ்விடம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் வந்த பொருளாதாரத் தடையிலே குடாநாட்டுக்குள் கொண்டுவரக் கூடாத பொருட்களுள் சீமெந்தும் ஒன்றாயிற்று. நாற்பதாண்டு நாட்டுக்கெல்லாம் சீமெந்து சுட்டவர்கள், இறந்தவர் கல்லறைக்கு ஒரு மூடை தேடி அலைந்தார்கள்.

யுத்தம் 2009இல் முடிந்தபின் நிலம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. 2015 சனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. தொழிற்சாலையின் சூளை மட்டும் மீண்டும் சுழலவில்லை. கல்லகழ்ந்த பெருங்குழிகள் வாய்பிளந்து கிடக்கின்றன. தொழிற்சாலையை மீளத் திறப்பதா என்ற பேச்சு எழும்போதெல்லாம், நிலத்தடி நீர் உவராகும் என்ற அச்சமும் உடனெழுகிறது. சுண்ணாம்புக் கல்லே நமது நன்னீரைத் தாங்கும் பாத்திரமாதலால் அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் இவ்விவாதத்தில் முன்பு அங்கே உழைத்தவனின் சாட்சியம் எங்கேயும் வைக்கப்படுவதில்லை. வைப்பதற்கு எழுதி வைத்தவர் யார்? 1990இல் இருபத்தைந்து வயதாயிருந்தவன் இன்று அறுபதைக் கடந்துவிட்டான். ஐம்பதிலே வேலைக்குச் சேர்ந்தோர் அனேகமாக எவரும் இல்லை. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களிலே பலர் முடிந்துபோனார்கள்.

இவ்வாண்டின் தொடக்கத்தில் நாம் சிலர், மாணவர் இருவரோடு, ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இத்தகைய ஒரு வீட்டுக்குப் போனோம். பயிங்டனின் கேள்விகளையே நமது வழக்குக்கு மாற்றி எழுதியிருந்தோம். பெரியவர் முறைகளைப் பற்றியும் சூளையைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். ஓவசியர்மாரின் பட்டப்பெயர்களைச் சொல்லிச் சிரித்தார். "சங்கு ஊதினாத்தான் தம்பி, ஊர் முழுக்க உலை வைக்கிறது" என்றார். பிறகு நாம் கணக்குக்கு வந்தோம். சம்பளநாளன்று என்ன வாங்கிவருவீர்கள்? அரிசி மாதம் எவ்வளவு முடியும்? கடையில் எவ்வளவு கடன் நிற்கும்? அவர் யோசித்தார். நெற்றியைத் தடவினார். "அதெல்லாம் ஆர் கண்டது" என்றார்.

"அவருக்கென்ன தெரியும்? காசைக் கொண்டந்து தாறதோட அவற்ர வேலை முடிஞ்சுது. கணக்குப் பாத்தது நானெல்லே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அரிசி, மா, மண்ணெண்ணெய், மூத்தவளின் பள்ளிக்கூடச் சட்டைத் துணி, சீட்டுக் காசு என்று ஒவ்வொன்றாக, ஆண்டோடும் சதத்தோடும் அந்த அம்மா சொல்லத் தொடங்கினார். நாம் கதிரையைக் குசினிப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டோம்.